கிளீனர் இருந்த இடம்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் ஆட்டோவும் வேனும் லொறியும் ஓட்டிப் பிழைக்கும் என் பழைய மாணவர்களுக்கு,

போன மாதம் பெல்மதுளைச் சந்தியில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். "சேர், ஏறுங்க" என்று ஓர் ஆட்டோ வந்து நின்றது. பத்தாம் ஆண்டில் கடைசி வாங்கில் இருந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன். இப்போது ரோட்டைப் பார்த்துப் பிழைக்கிறான். ஏறி உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் எண்ணினேன். அந்த ஆட்டோவில் ஐந்து கண்ணாடிகள். வெளியே இருந்த இரண்டும், நனைந்த காக்கை சிறகை ஒடுக்கிக்கொண்ட மாதிரி, உள்ளே மடங்கிக் கிடந்தன. தலைக்கு மேலே பெரிதாக ஒன்று. அதில் என் முகம் முழுசாகத் தெரிந்தது. மிச்சம் இரண்டும் சாமி படத்துக்குப் பக்கத்தில், சிவப்பு லைட்டுக்கு நடுவே, அழகுக்கு.

"பின்னால வர்ற பஸ் உனக்கு எதிலடா தெரியும்?" என்று கேட்டேன்.

"ஹோர்ன் அடிப்பான் தானே சேர்" என்றான்.

கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையை மாற்றும்போதே அது போய்விட்டது. ஏனென்றால் அவனுக்கு ஒளித் தெறிப்புப் பாடம் எடுத்தவன் நான்தான். தளவாடி, குழிவாடி, குவிவாடி என்று கரும்பலகையில் மூன்று கோடு கீறினேன். 'குவிவாடியின் பயன்: வாகனங்களின் பின்பார்வை ஆடி' என்று நான் சொல்ல, நீங்கள் எழுதினீர்கள். சாதாரண தரப் பரீட்சையில் அதற்கு ஒரு புள்ளி. வகுப்பு வாசலிலேயே அதிபரின் மோட்டார் சைக்கிள் நிற்கும். அதன் கண்ணாடி எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று ஒருநாளாவது உங்களை வெளியே கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. அந்தப் பாடத்தின் மிச்சம்தான் இந்த மடல். நோட்ஸ் எடுக்க வேண்டாம். ஹயர் இல்லாத நேரத்தில் ஆட்டோ பார்க்கில் இருந்து வாசியுங்கள்.

என் அப்பா இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டினார். பழைய பெட்போர்ட். வலது பக்கம் மட்டும் ஒரு கண்ணாடி, அதுவும் குறுக்கே வெடித்தது. ஒரே ரோடு அதில் இரண்டாகத் தெரியும். அப்பா அதைத் தலை சீவத்தான் பாவித்தார். பின்பக்கத்தைப் பார்க்க அவருக்கு ஆள் இருந்தது. கிளீனர். மடுவத்துக்கு லொறியைப் பின்னால் எடுக்கிற நேரம் கிளீனர் குதித்து இறங்குவார். முதலில் குனிந்து லொறிக்கு அடியில் பார்ப்பார். சூட்டுக்கு நாய் படுத்திருக்கும். பிறகு கொழுந்து நிறுக்க நிற்கும் பெண்களின் காலடியில் பார்ப்பார். சேலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்கும். அதெல்லாம் ஒதுங்கிய பிறகுதான் கானுக்கும் சில்லுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து, "எண்ட... எண்ட... எண்ட..." என்று கூப்பிடத் தொடங்குவார். பெட்டியில் ஓர் அடி விழுந்தால் நிற்க வேண்டும். இரண்டு அடி விழுந்தால் போகலாம். தமிழ் ஆட்கள் மட்டும் நிற்கும் மடுவத்தில் ஏன் சிங்களத்தில் 'வாங்க வாங்க' என்று கூப்பிடுகிறார் என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன். "லொறிக்குச் சிங்களம்தான் விளங்கும்" என்றார்.

அந்தக் கிளீனரை மனதில் நிறுத்திக்கொண்டு அடுத்த கதையைக் கேளுங்கள்.

1911 மே 30. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் முதலாவது 500 மைல் கார்ப் பந்தயம். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் ஓட்டுவார், பக்கத்தில் இருக்கும் மெக்கானிக், எண்ணெய் அழுத்தத்தையும் பின்னால் யார் வருகிறார் என்பதையும் பார்த்துச் சொல்வார். நம் பாஷையில் சொன்னால் கிளீனர். ரே ஹரூன் என்பவர் மட்டும் ஒற்றை ஆள் இருக்கிற, குளவி என்று பெயர் வைத்த மஞ்சள் மார்மன் காரோடு வந்தார். ஆள் குறைந்தால் பாரம் குறையும், காற்றுத் தடையும் குறையும் என்பது கணக்கு. மற்ற ஓட்டிகள் சண்டைக்கு வந்தார்கள்: பின்னால் பார்க்க ஆளில்லாதவனை எங்களோடு எப்படி ஓட விடுவீர்கள்? ஹரூன் தன் முன்னால் 8 அங்குலத்துக்கு 3 அங்குலம் ஒரு கண்ணாடியைப் பொருத்தினார். 1904இல் சிக்காகோவில் ஒரு குதிரை வண்டியில் அப்படியொன்றைப் பார்த்த ஞாபகம் அவருக்கு இருந்தது. ஆறேமுக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைய ஓடி, பந்தயத்தையும் வென்றார். காரில் கண்ணாடி வந்த கதையை இதோடுதான் வழக்கமாக முடிப்பார்கள்.

முடிக்கக் கூடாத இடம் அது. அந்த ஓடுபாதை செங்கல் பதித்தது. கண்ணாடி அதிர்ந்த அதிர்வில் தனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று ஹரூன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். எதிர்த்தவர்களின் வாயை அடைத்ததுதான் அது செய்த வேலை. தெரணியகலைக்கு மேலே கல்லுக் கல்லாகக் கிடக்கும் தோட்ட ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் கண்ணாடியும் அங்கே அப்படித்தான் ஆடுகிறது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் அதில் கலங்கிய தேத்தண்ணீர் மாதிரித் தெரிகிறது. கண்ணாடியைத் தாங்கும் கொம்பின் நட்டை இறுக்கினாலே பாதி ஆட்டம் நின்றுவிடும். யாரும் இறுக்குவதில்லை.

ஹரூனுக்கு இரண்டு வருஷம் முந்தி, 1909இல், இங்கிலாந்தில் டொரதி லெவிட் என்ற பெண் காரோட்டிகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார். காரில் போகும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும், அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன யோசனை. அவரும் பந்தயக்காரிதான். ஆனாலும் கதையில் பேர் ஹரூனுக்கு.

ஆக, கண்ணாடி வண்டிக்கு வந்ததே ஓர் ஆளின் வேலையைப் பிடுங்கிக்கொண்டுதான். பிடுங்கிய வேலை முழுவதையும் அது செய்கிறதா என்பதுதான் நான் கேட்பது.

கண்ணாடி செய்பவர்களின் மனதில் என்ன ரோடு இருக்கிறது என்று பார்ப்போம். ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் வண்டிக் கண்ணாடிக்கு ஐக்கிய நாடுகளின் 46ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது. காருக்குள்ளே நடுவில் தொங்கும் கண்ணாடி எதைக் காட்ட வேண்டும் என்று அது அளந்து சொல்கிறது: ஓட்டுபவரின் கண்ணுக்குப் பின்னால் 60 மீற்றரில் தொடங்கி, 20 மீற்றர் அகலத்துக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரோடு தெரிய வேண்டும். எட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறும் தோட்ட ரோடுகளில் 60 மீற்றர் வளையாமல் போகும் இடம் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். 20 மீற்றர் அகலம் என்றால் ரோடு, கான், லயத்து வாசல், பின்னால் இருக்கும் கோழிக்கூடு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வெளிக் கண்ணாடிக்குச் சொன்னது கொஞ்சம் பரவாயில்லை. 4 மீற்றர் பின்னாலிருந்து 1 மீற்றர் அகலத்துக்கும், 20 மீற்றர் பின்னாலிருந்து 4 மீற்றர் அகலத்துக்கும் தெரிந்தால் போதும். ஏ4 பெருந்தெருவில் பலாங்கொடைக்கு வேன் ஓட்டும்போது இந்தக் கணக்கு ஓரளவு உதவும். ரோட்டை விட்டு லயத்துப் பாதைக்குத் திரும்பிய நிமிஷத்திலிருந்து உதவாது. அந்த 60 மீற்றருக்குள் ஐந்து பஸ்ஸை வரிசையாக நிறுத்தலாம். கிளீனர் பார்த்ததெல்லாம் அந்த 60 மீற்றருக்குள்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதே ஒழுங்குவிதி வெளிக் கண்ணாடியின் வளைவுக்கும் எல்லை போட்டிருக்கிறது: வளைவாரை 1.2 மீற்றருக்குக் குறையக் கூடாது. அப்படியென்றால் குவியத்தூரம் 60 சென்ரிமீற்றர். சூத்திரம் மறந்திருக்கும், பரவாயில்லை, நானே போட்டுத் தருகிறேன். உங்கள் கண்ணிலிருந்து கண்ணாடி 80 சென்ரிமீற்றர். கண்ணாடிக்கு 12 மீற்றர் பின்னால் ஒரு பஸ். தளவாடியாக இருந்தால் அந்த பஸ் கிட்டத்தட்ட 13 மீற்றர் தள்ளி நிற்கும் பஸ்ஸின் பருமனில் தெரியும். உள்ளது உள்ளபடி. குவிவாடியில் அதே பஸ் 29 மீற்றர் தள்ளி நிற்கும் பஸ்ஸின் பருமனில்தான் தெரியும். கண் பருமனை வைத்துத்தான் தூரத்தை மதிக்கும். 'இன்னும் தூரத்தில் வருகிறான், வெட்டி எடுக்கலாம்' என்று வலது பக்கம் திருப்புகிறீர்கள். பஸ் 60இல் வருகிறது, நீங்கள் 30இல் போகிறீர்கள் என்றால், மூன்றரைச் செக்கன் இருக்கிறது என்று கண் சொல்லும். உண்மையில் இருப்பது ஒன்றரைச் செக்கன்.

அப்படியென்றால் குவிவாடி கெட்டதா? இல்லை. தளவாடி உண்மை பேசும், ஆனால் குறுக்குச் சந்து மாதிரி ஒடுக்கமாகப் பேசும். குவிவாடி முழு ஊரையும் காட்டும், ஆனால் எல்லாரையும் தள்ளி நிறுத்திக் காட்டும். இந்தச் சண்டையை அமெரிக்கர்கள் ஆளுக்குப் பாதியாகத் தீர்த்துக்கொண்டார்கள்: ஓட்டுபவர் பக்கம் தளவாடிதான் இருக்க வேண்டும், மறுபக்கம் குவிவாடி போடலாம், ஆனால் 'கண்ணாடியில் தெரிபவை தெரிவதைவிடக் கிட்டத்தில் இருக்கின்றன' என்று அதன் மேலேயே எழுத வேண்டும். நம் ஊருக்கு வரும் சில கார்களின் கண்ணாடியிலும் அந்த வரி ஆங்கிலத்தில் இருக்கிறது. கம்பனிப் பேர் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டியவன் ஒருவன் உங்களில் இருக்கிறான். பேர் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் அண்ட்ரூ ஹிக்ஸ் என்ற கணிதப் பேராசிரியர் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடினார். டிஸ்கோ விளக்குப் பந்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருக்குமே, அப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளை நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் சாய வேண்டும் என்று கணித்து, எல்லாவற்றையும் ஒரே வழவழப்பான பரப்பாக்கினார். சாதாரணத் தளவாடி 15 முதல் 17 பாகை வரை காட்டும் இடத்தில் அது 45 பாகை காட்டியது, உருவமும் அதிகம் கோணவில்லை. 2012இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் ஓட்டுபவர் பக்கம் தளவாடிதான் என்ற சட்டத்தால் அவருடைய நாட்டிலேயே புதுக் காரில் அதைப் பூட்டி விற்க முடியாது. நல்ல கணக்குக்கும் சட்டத்துக்கும் எங்கேயும் ஒத்துவருவதில்லை போலிருக்கிறது.

நம் ஊரில் நடப்பது இதைவிடச் சின்ன விஷயம், ஆனால் ஆபத்து கூட. வலது பக்கக் கண்ணாடி உடைந்தால் என்ன செய்கிறீர்கள்? புதுசு விலை. அதனால் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குப் போய், பழைய கூட்டின் அளவுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டி ஒட்டிக்கொண்டு வருகிறீர்கள். கூடு பழையது, பார்வைக்கு வித்தியாசமே இல்லை. ஆனால் உள்ளே இருந்தது குவிவாடி, ஒட்டியது தளவாடி. இடது பக்கம் ஊர் முழுக்கத் தெரியும், வலது பக்கம் ஒரு கீற்றுத்தான் தெரியும். போதாததற்கு ஒரே பஸ் ஒரு பக்கத்தில் தூரமாகவும் மறுபக்கத்தில் பக்கமாகவும் தெரியும். கண்ணுக்கு எந்தக் கணக்கும் படியாது. இன்றைக்கே இரண்டு கண்ணாடியிலும் உங்கள் முகத்தைப் பாருங்கள். ஒன்றில் முகம் சிறுத்தும் மற்றதில் சிறுக்காமலும் இருந்தால், உங்கள் வண்டிக்கு இரண்டு பாஷை. கழற்றிய வண்டிகளின் பாகம் விற்கும் கடைகளில் அசல் குவிவாடி தேடினால் கிடைக்கும். அதைத் தேடும் அலைச்சல் வீண் போகாது.

இனிக் கொஞ்சம் கசப்பு.

ஆட்டோவுக்குள் தலைக்கு மேலே தொங்கும் அந்தப் பெரிய கண்ணாடி. உங்கள் ஆட்டோவின் பின்பக்க ஹூட்டில் இருப்பது ஒரு சின்னப் பிளாஸ்டிக் யன்னல். பாதி மங்கிப்போனது; மீதியில் நடிகர் படமோ தத்துவமோ ஒட்டியிருக்கிறீர்கள். ஆகவே அந்தக் கண்ணாடியால் ரோட்டைப் பார்க்க வழியே இல்லை. பிறகு எதைப் பார்க்கிறது? உங்களோடு ஒரே வகுப்பில் படித்த பெண் பிள்ளைகள் இன்று டவுனில் கடைக்கும் காமண்டுக்கும் போய் வருகிறார்கள். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் நாலைந்து பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து சொன்னார்கள்: ஆட்டோவில் ஏறினால் முதலில் அந்தக் கண்ணாடியில் தெரியாத மூலை எது என்று பார்த்து அங்கே ஒதுங்குகிறோம் சேர், துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு பை ஒன்றை மடியில் வைத்துக்கொள்கிறோம். நீங்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடி அப்படிச் சொல்கிறது. ஏறுகிறவருக்கு உங்கள் மனசு தெரியாது, கண்ணாடி மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தாது. பின் சீட்டில் இருபது வானரங்கள் இருக்கும்போது உள்ளே பார்க்க ஒரு கண்ணாடி கட்டாயம் வேண்டும். மற்றவர்கள் அதைக் கழற்றுங்கள், அல்லது சாமி படத்தைப் பார்க்கத் திருப்பி வையுங்கள்.

கழற்றுவது என்றதும் 2025 ஜனவரி ஞாபகம் வரும். 'க்ளீன் ஸ்ரீலங்கா' திட்டம் என்று சொல்லிக்கொண்டு பொலிஸ் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியதையெல்லாம் கழற்றச் சொன்னது. சங்கங்கள் எதிர்த்தன. அந்த நாட்களில் நானும் உங்கள் பக்கம்தான் பேசினேன். உழைத்த காசில் வாங்கிய லைட்டை வைத்திருக்க ஒருவனுக்கு உரிமை இல்லையா என்று. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கழற்றியவர்களும் கழற்றாதவர்களும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. வெளிக் கண்ணாடி இரண்டும் மடங்கியபடியே இருந்தன.

அந்தக் கண்ணாடிக்கு ஏன் அவ்வளவு நீளக் கொம்பு என்று யோசித்திருக்கிறீர்களா? காரில் ஓட்டுபவர் வலது ஓரத்தில் இருக்கிறார். வலது கண்ணாடி கிட்டத்தில், இடது கண்ணாடி எட்டத்தில். ஆட்டோவில் நீங்கள் நடு மத்தியில். இரண்டு கண்ணாடியும் உங்களுக்குச் சமம். அந்த வகையில் கார்க்காரனைவிட நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் வண்டியின் முன்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் அகன்றிருக்கிறது. பின்பக்க அகலத்தைத் தாண்டிப் பார்க்கத்தான் கொம்பு வெளியே நீள்கிறது. மடக்கினால் தெரிவது உங்கள் சொந்த ஹூட்டின் துணி மட்டும். டவுனில் நெருக்கி நிறுத்தும்போது மடக்குவது நியாயம். கிளம்பும்போது விரிக்காமல் போவதுதான் பிழை. சரியாக வைத்தால் ஹூட்டின் ஓரம் கண்ணாடியின் உள் விளிம்பில் மெல்லிய நூலாகத் தெரியும். மிச்சம் எல்லாம் ரோடு. இதை வண்டி வெறுமையாக நிற்கும்போது வைக்காதீர்கள். மூன்று பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏறினால் பின்பக்கம் பதியும், அதோடு சேர்ந்து கண்ணாடியின் பார்வையும் தரைக்கு இறங்கும். தூரத்தில் வரும் பஸ் மேல் விளிம்புக்கு வெளியே போய்விடும். பாரம் ஏற்றிய பிறகு ஒருமுறை விரலால் தட்டிச் சரிசெய்ய வேண்டும்.

கார், வேன் ஓட்டுபவர்களுக்கு ஜோர்ஜ் பிளட்சர் என்ற பொறியியலாளர் 1995இல் எழுதிய வழி இருக்கிறது. தலையை வலது யன்னலில் முட்டும் வரை சாய்த்து, அங்கிருந்து பார்க்கும்போது உங்கள் வண்டியின் ஓரம் சற்றே தெரிகிற மாதிரி வலது கண்ணாடியைத் திருப்புங்கள். பிறகு தலையை வண்டியின் நடுவுக்குச் சாய்த்து இடது கண்ணாடியையும் அதே மாதிரி. நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் வண்டியின் ஓரம் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. முதல் இரண்டு நாள் வயிற்றைக் கலக்கும், ஏதோ தொலைந்த மாதிரி இருக்கும். ஆனால் முந்திக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள் உள் கண்ணாடியிலிருந்து மறையும்போதே பக்கக் கண்ணாடிக்கு வந்துவிடும். இடையில் அது ஒளிந்துகொள்ளும் இடம் சுருங்கிவிடும்.

மழைக்கு: சவர்க்காரத்தைக் கண்ணாடியில் தடவி, உலர்ந்த துணியால் தேயுங்கள், தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழியும். இரத்தினபுரி மழைக்கு அது அரை மணித்தியாலம் தாங்கினால் அதிர்ஷ்டம். இரவில் பின்னால் வரும் பஸ் கண்ணைப் பறித்தால், கார்க் கண்ணாடியின் கீழே இருக்கும் சின்ன நாக்கைத் தட்டுங்கள். அந்தக் கண்ணாடி ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்தது. தட்டியதும் பின்னால் பூசிய வெள்ளிப்பூச்சு கூரையைப் பார்க்கும்; கண்ணாடியின் முன் முகம் நூற்றில் நாலு பங்கு வெளிச்சத்தை மட்டும் உங்களுக்குத் திருப்பித் தரும். பஸ் இரண்டு பொட்டாகத் தெரியும், கண்ணும் கூசாது.

கடைசி விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பாடசாலை முற்றத்தில் ஒரு வேன் பின்னால் வந்தது. சில்லுக்கு அடியில் ஏதோ நசுங்கிய சத்தம். எல்லாரும் ஓடினோம். ஒரு சாப்பாட்டுப் பெட்டி. அதன் சொந்தக்காரி, முதலாம் ஆண்டுப் பிள்ளை, பெட்டியை வேனுக்குப் பின்னால் வைத்துவிட்டு வண்ணத்துப்பூச்சிக்குப் பின்னால் போயிருந்தாள். வேனை ஓட்டியவன் நல்ல பையன், இறங்கி வந்து கால் நடுங்கத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "மூன்று கண்ணாடியிலும் பார்த்தேன் சேர்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

ஜப்பானில் இப்படிக் கண்ணுக்குத் தப்பும் சின்னப் பிள்ளைகளுக்காகவே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு மீற்றர் உயரம், 30 சென்ரிமீற்றர் விட்டம் உள்ள ஓர் உருளை. ஆறு வயதுப் பிள்ளையின் உருவம். வண்டியின் முன்னாலும் இடது பக்கத்திலும் அந்த உருளையை நிறுத்தினால் ஓட்டுபவருக்குத் தெரிய வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் உயரமான ஜீப்புகளின் இடது மட்காட்டில் சின்னக் கண்ணாடி ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமே, அது அந்தப் பிள்ளைக்காக. வேன்களின் பின் கதவுக்கு மேலே தரையைப் பார்த்துக் குனிந்து நிற்கும் இன்னொரு சின்னக் குவிவாடி, பம்பருக்குப் பின்னால் தரையில் என்ன இருக்கிறது என்று காட்ட. நடுக் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தால் தெரியும். வடிவாக இல்லை என்று அதைக் கழற்றி எறிந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். இருக்கிறவர்களிலும் அது எதற்கென்று கேட்டால் பலர் கம்பனி வைத்தது என்கிறார்கள். கம்பனி சும்மா வைக்காது. ஒரு கண்ணாடிக்கு எத்தனை யென் என்று எண்ணுகிறவர்கள் அவர்கள்.

அமெரிக்காவில், தகப்பன் பின்னால் எடுத்த வண்டியில் அகப்பட்டு இறந்துபோன இரண்டு வயதுப் பிள்ளையின் பெயரில் 2008இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2018 மே மாதத்திலிருந்து அங்கே விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கெமரா கட்டாயம். எந்த வளைவில் செய்தாலும் இந்த இடத்தைக் கண்ணாடி காட்டாது என்று நூறு வருஷத்துக்குப் பிறகு ஒத்துக்கொண்ட மாதிரிதான் அது. நம் பழைய வேன்களுக்கும் ஆட்டோக்களுக்கும் யார் கெமரா பூட்டப் போகிறார்கள்?

நம் லயங்களை நினைத்துப் பாருங்கள். படி இறங்கினால் ரோடு. வேலி இல்லை, முற்றம் என்று தனியே ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு விளையாட இருக்கும் ஒரே சமதரை உங்கள் வண்டி திரும்பும் இடம்தான். தாய் மலைக்கோ பால்வெட்டுக்கோ போயிருப்பாள். பிள்ளைக்காம்பராவிலிருந்து நழுவி வந்த ஒன்று உங்கள் பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி மண்ணில் வீடு கட்டிக்கொண்டிருக்கும். முன்னால் கொழுந்து லொறி வந்துவிடும். நீங்கள் ரிவர்ஸ் எடுப்பீர்கள். அந்த நேரம் கிளீனரின் வேலையை யார் செய்வது? வண்டியில் இருக்கும் ஆளை இறக்கிவிடுங்கள். ஆளில்லாவிட்டால் நீங்களே இறங்கி ஒருமுறை சுற்றி வாருங்கள். லயத்து வாசலில் சும்மா நிற்கும் கிழவரைக் கூப்பிட்டால் சந்தோஷமாக வந்து "எண்ட எண்ட" சொல்வார். அவரிலும் ஒரு பழைய கிளீனர் இருக்கலாம்.

எழுதினால் விளங்காது என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் எழுதிக் காட்டித்தானே பார்த்தேன். ஆகவே அடுத்த போயா லீவுக்குக் காலை ஒன்பது மணிக்கு வண்டிகளோடு பாடசாலை மைதானத்துக்கு வாருங்கள். ஒவ்வொருவராக உங்கள் சீட்டில் உட்காருங்கள். நான் பின்னால் நடப்பேன். கண்ணாடியில் தெரிகிறேன் என்று நீங்கள் சொல்லும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் தரையில் கீறிக்கொண்டு போவேன். கீறாமல் மிஞ்சும் இடம்தான் பாடம். ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு ஓர் உருளை வேண்டும். ரப்பர் பால் வாளி மூன்றை, ஒன்றுக்குள் ஒன்று இறங்காதபடி, மாறி மாறிக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். சுண்ணக்கட்டி என்னிடம் இருக்கிறது. வாளியை ரப்பர் மலைப் பக்கம் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். நன்றாகக் கழுவிக் கொண்டு வாருங்கள். அந்த நாற்றத்தில் என்னால் பாடம் எடுக்க முடியாது.

இப்படிக்கு,
உங்கள் விஞ்ஞான சேர்